ஆங்கிலத்து ‘இங்’ விகுதியும் தமிழிலக்கணத்து எச்சங்களும்

தமிழ்ப் பாஷையின் இலக்கணத்தை ஐரோப்பியர் தம் கண்கொண்டு நோக்கி எழுதத் தொடங்கி முந்நூறு வருஷங்கள் கடந்துவிட்டன. சீகன்பால்குவின் இலக்கணம் 1716ஆம் ஆண்டிலே ஜெர்மனி தேசத்து ஹாலே நகரில் அச்சாயிற்று. வீரமாமுனிவர் கொடுந்தமிழுக்கு இலத்தீனில் வகுத்த இலக்கணம் 1738இல் தரங்கம்பாடியில் வெளிவந்தது. கால்டுவெல் ஐயரின் திராவிட ஒப்பிலக்கணம் 1856இல் தோன்றியது. இப்பெரியோர்களின் உழைப்பைப் போற்றாதார் தமிழன்பராகார். ஆயினும், அவர்கள் அனைவரும் இலத்தீன் இலக்கணத்தின் அச்சிலே தமிழை வார்த்துப் பார்த்தார்கள் என்பதும், பெயரெச்சம் போன்ற உறுப்புக்கள் அந்த அச்சினுள் அடங்காமற் போகவே அவற்றுக்கு நூதனமான நாமங்களைத் தேடவேண்டிய சங்கடம் அவர்களுக்கு நேர்ந்தது என்பதும் மறைக்கத் தக்கனவல்ல. மறுதிசையிலே சென்று, தொல்காப்பியரும் பவணந்தியாரும் வகுத்த பாகுபாடுகளைக் கொண்டு ஆங்கிலத்தை ஆராயும் முயற்சியோ மிக அருமையாகவே நடைபெற்றிருக்கிறது. அம்முயற்சி எவ்வளவு பயன் தரத்தக்கது என்பதை ஒரே ஒரு விகுதியை எடுத்துக்கொண்டு இவ்வத்தியாயத்திலே காட்ட விரும்புகின்றேன். அவ்விகுதி ஆங்கில வினையடிகளின் பின்னே ஓயாது வந்து ஒட்டும் ‘இங்’ என்பதாகும்.

இவ்வாராய்ச்சிக்கு நிலைக்களமாக நான் கொள்வது யாழ்ப்பாணத்து வலிகாமத்திலுள்ள அளவெட்டி என்னும் கிராமம். கும்பிளாவளைப் பிள்ளையார் கோயிலாலும், நாதஸ்வர தவில் வித்துவான்களாலும், ‘மகாகவி’ என்ற புனைபெயரால் அறியப்பட்ட கவிஞர் உருத்திரமூர்த்தியாலும் பேர்பெற்ற இவ்வூர், இரண்டு இலக்கண மரபுகள் சந்தித்த பிரதேசத்தின் நடுவிலே கிடக்கின்றது. அயலூராகிய தெல்லிப்பழையில் 1816ஆம் ஆண்டு அமெரிக்க மிஷனரிமார் வந்து குடியேறினர். மேற்கே சில மைல் தொலைவிலுள்ள வட்டுக்கோட்டையில் 1823இல் அவர்கள் ஸ்தாபித்த செமினரியிலே ஆங்கிலமும் தமிழும் ஒருங்கே கற்பிக்கப்பட்டன. அங்கே கற்ற சிறுப்பிட்டி சி. வை. தாமோதரம்பிள்ளை 1857இல் சென்னைச் சர்வகலாசாலையின் முதற் பட்டதாரிகள் இருவருள் ஒருவரானார். நல்லூர் ஆறுமுக நாவலர் பரிசோதித்துக் கொடுத்த தொல்காப்பியச் சொல்லதிகாரச் சேனாவரையத்தை 1868இல் பதிப்பித்து உலகுக்கு அளித்தவரும் அவரே. பின்னர் புன்னாலைக்கட்டுவன் சி. கணேசையர் அச்சொல்லதிகாரத்துக்கு எழுதிய அரிய குறிப்புக்களுடன் கூடிய பதிப்பு, அண்டை ஊராகிய சுன்னாகத்து அச்சகத்திலிருந்து 1938இல் வெளிப்போந்தது. ஆங்கில வினைச்சொல்லையும் தமிழ் வினைச்சொல்லையும் ஒரே மேசைமேல் வைத்து நோக்குதற்கு இதனினும் உரிய இடம் எனக்குத் தெரியவில்லை.

ஆயினும், பண்டிதரின் ஏட்டிலிருந்து தொடங்காமல் தோட்டத்திலிருந்து தொடங்குவோம். அளவெட்டித் தோட்டங்களிலே கிணற்று நீரை எடுத்துப் பயிருக்குப் பாய்ச்சுவதை ‘இறைப்பு’ என்பார்கள். முன்னாளிலே துலா மிதித்து இறைத்தார்கள். இப்போது இயந்திரம் இறைக்கின்றது. வீட்டுத் தாயொருத்தி தன் இளைய மகனை அழைத்து, “தம்பி, கொண்ணன் தோட்டத்துக்கை இறைச்சுக்கொண்டு நிக்கிறான், இறைக்கேக்கை கூப்பிடாதை, தண்ணி வரம்பை உடைச்சுப்போடும், இறைக்கிறது முடியட்டும், நீ ஓடிப்போய் இறைக்கிற மெசினுக்கு எண்ணெய் வாங்கிக்கொண்டு வா” என்று சொல்கிறாள் என்று வைத்துக்கொள்வோம். ஒரே மூச்சிலே சொல்லப்பட்ட இவ்வசனத்தில் ‘இறை’ என்னும் வினையடி நான்கு முறை வருகின்றது; நான்கு முறையும் வேறு வேறு ஈற்றோடு வருகின்றது. இதனை ஆங்கிலத்திலே பெயர்க்கப் புகுவோமாயின், நான்கிடத்தும் ‘வோற்றறிங்’ என்ற ஒரே வடிவம் வந்து நிற்கும். மூத்தவன் செய்துகொண்டிருப்பதும் வோற்றறிங். செய்யும் வேளையைக் குறிப்பதும் வோற்றறிங். முடியவேண்டிய தொழிலும் வோற்றறிங். இயந்திரத்துக்கு அடைமொழியாவதும் வோற்றறிங்.

எழுத்தறியாத அத்தாய் ஒரு கணமும் தயங்காமல் நான்காகப் பிரித்தவற்றை நம் பண்டைய ஆசிரியர்கள் எவ்வாறு நாமகரணம் செய்தார்கள் என்பதை நினைவுகூர்வோம். ‘இறைச்சுக்கொண்டு’ என்பது இறைத்துக்கொண்டு என்பதன் பேச்சு வடிவம். ‘நிக்கிறான்’ என்னும் முற்றுவினையை நோக்கிச் சென்று முடிவதால் அது வினையெச்சம். ‘இறைக்கேக்கை’ என்பது எழுத்து வழக்கிலே இறைக்கையில் என்று நாம் சொல்லும் பொருளைத் தருவது. காலப்பொருளில் வந்து ‘கூப்பிடாதை’ என்ற வினையைத் தழுவுகின்றது. ‘இறைக்கிறது’ என்பது எழுவாயாகி நிற்கும் தொழிற்பெயர். ‘இறைக்கிற’ என்பது மெசின் என்ற பெயரைக் கொண்டு முடிவதால் பெயரெச்சம். இங்கே கவனிக்கத்தக்கது யாதெனில், எச்சம் என்ற அந்தப் பெயரே ஒரு விதியை உள்ளடக்கி நிற்பதாகும். தன்னளவிலே பொருள் நிரம்பாது எஞ்சி நிற்பது எச்சம்; அது எதனைக் கொண்டு நிரம்புகின்றதோ அதனைக் கொண்டே அதன் ஜாதி நிர்ணயிக்கப்படும். பெயரால் நிரம்பினால் பெயரெச்சம், வினையால் நிரம்பினால் வினையெச்சம். சொல்லின் ஈற்றை நோக்குவதோடு நில்லாமல், அது வாக்கியத்திலே எதனை அவாவி நிற்கின்றது என்று வினவும் இந்த முறை, ஈறு ஒன்றேயாகித் தொழில் பலவாகிய ஆங்கில ‘இங்’ விகுதிக்கு முற்றும் பொருந்துவது.

நம் பள்ளிக்கூடங்களிலோ இவ்விஷயம் வேறு விதமாகக் கற்பிக்கப்படுகின்றது. ‘ஜெரண்ட்’ என்றும் ‘பாற்றிசிப்பிள்’ என்றும் இரண்டு நாமங்களை மாணாக்கர் மனனம் செய்கிறார்கள். பரீட்சையிலே கோடிட்ட சொல் இவற்றுள் எது என்று கேட்டால் அஞ்சுகிறார்கள். இவ்வச்சத்துக்கு அவர்கள் காரணரல்லர். அவ்விரண்டு நாமங்களும் இலத்தீனுக்குரியவை. இலத்தீனிலே தொழிற்பெயருக்கு ஒரு வடிவமும் எச்சத்துக்கு வேறொரு வடிவமும் கண்ணுக்குத் தெரியும்படி தனித்தனியே உண்டு. ஆதலால் அங்கே அப்பெயர்கள் இயல்பாய்ப் பொருந்தின. ஆங்கிலத்துக்கு இலக்கணம் எழுதியவர்கள் வடிவ வேறுபாடில்லாத ஒன்றின்மீது அவ்விரு பெயர்களையும் ஏற்றினார்கள்.

ஆனால் ஆங்கிலமும் ஆதியில் இவ்வாறிருக்கவில்லை என்பது பாஷா சரித்திரம் காட்டும் சுவையான செய்தி. ஆயிரம் ஆண்டுகளுக்கு முற்பட்ட பழைய ஆங்கிலத்தில் ‘உங்’ என்றும் ‘இங்’ என்றும் முடியும் விகுதி தொழிற்பெயருக்கு மாத்திரமே உரியதாயிருந்தது. எச்சத்துக்கோ ‘எண்டெ’ என்ற பிறிதொரு விகுதி இருந்தது. கற்றல் என்னும் பொருட்டாகிய பெயர் ‘உங்’ என முடிந்தது. பாடுகின்ற என்னும் பொருட்டாகிய எச்சம் ‘எண்டெ’ என முடிந்தது. நமது தாய் ‘இறைக்கிறது’ என்றும் ‘இறைக்கிற’ என்றும் பிரித்தது போலவே அக்காலத்து ஆங்கிலத் தாயும் பிரித்திருப்பாள். பின்னர் எச்ச விகுதி வடபாகத்தில் ‘அண்ட்’ என்றும் தென்பாகத்தில் ‘இண்ட்’ என்றும் பலவாறு திரிந்து, 12ஆம் நூற்றாண்டின் இறுதி தொடங்கி ‘இங்’ என்பதோடு மயங்கலாயிற்று. 15ஆம் நூற்றாண்டு முடிவதற்குள் தெற்கிலும் நடுநாட்டிலும் எச்சத்தின் பழைய விகுதி அருகி ஒழிந்தது. ஆங்கிலத்தின் உடன்பிறப்பாகிய ஜெர்மன் பாஷை இன்றும் ‘உங்’ என்பதைப் பெயருக்கும் ‘எண்ட்’ என்பதை எச்சத்துக்குமாக வேறுவேறாய் வைத்திருக்கின்றது. ஆகவே இப்போது நாம் ஒன்றென்று காணும் ‘இங்’ விகுதி, ஒரே உடையை அணிந்துகொண்ட இருவர் என்று கொள்வதே சரித்திரத்துக்கு இயைந்தது.

‘இருத்தல்’ வினையோடு கூடி நிகழ்ச்சித் தொடர்ச்சியைக் காட்டும் பிரயோகத்திலே இவ்விருவரும் கலந்திருக்கிறார்கள். பழைய ஆங்கிலத்தில் ‘இருந்தான்’ என்பதோடு எச்சத்தைச் சேர்த்து, கற்பித்துக்கொண்டிருந்தான் என்னும் பொருளில் எழுதும் வழக்கம் உண்டு. பிற்காலத்திலே ‘வேட்டையிலே இருக்கிறான்’ என்பது போல, தொழிற்பெயரின் முன்னே ‘ஒன்’ என்ற இடைச்சொல்லைச் சேர்த்துச் சொல்லும் வழக்கமும் பரவிற்று. அவ்விடைச்சொல் தேய்ந்து ‘அ’ என்ற ஒலியளவாகிப் பின் மறைந்தது. இரண்டு வழக்குகளில் எது எவ்வளவு பங்கு கொடுத்தது என்பதிலே அறிஞரிடையே அபிப்பிராய பேதம் உண்டு. வீடு கட்டப்பட்டுக்கொண்டிருக்கிறது என்பதை முன்னையோர் ‘வீடு பில்டிங்காக இருக்கிறது’ என்ற அளவிலேயே சொல்லி முடித்தார்கள். ‘பீயிங் பில்ற்’ என்னும் இன்றைய நீண்ட வடிவம் 18ஆம் நூற்றாண்டின் கடைப்பகுதியிலேதான் தலைகாட்டிற்று. அடுத்த நூற்றாண்டு முழுவதும் அது கொச்சையெனப் பலரால் இகழப்பட்டது.

இனி, பெயரின் பக்கத்திலிருந்து தொடங்கி ஒவ்வொன்றாக நோக்குவோம். தமிழிலே தொழிற்பெயர் ஆக்கும் விகுதிகள் மிகப் பல. தல், அல், பு, கை, வு என்று இலக்கண நூலார் அடுக்கிச் செல்வர். இவற்றுள் ‘அல்’ விகுதி பெற்ற பல சொற்கள் தொழிலைக் குறிப்பதை விட்டு, அத்தொழிலினால் உண்டான பொருளையே குறிக்கும். வற்றல், பொரியல், துவையல் ஆகிய யாவும் இத்தகையன. இதனைத் தொழிலாகுபெயர் என்று நம் இலக்கணகாரர் தனியே பெயரிட்டு வைத்தனர். ஆங்கிலத்திலே கட்டிடத்தைக் குறிக்கும் ‘பில்டிங்’, ஓவியத்தைக் குறிக்கும் ‘பெயின்ரிங்’ ஆகியவை இதே வகையின. கட்டுதலென்னும் தொழிலும் கட்டப்பட்ட வீடும் அங்கே ஒரே சொல்லாயின. பன்மை விகுதி ஏற்குமா என்று பார்த்தால் ஐயம் தெளிந்துவிடும். பில்டிங் என்பது பொருளாகியபோது பன்மை பெறும், தொழிலாக நிற்கும்போது பெறாது.

இதனைவிட நுட்பமானது வேறொன்று. அளவெட்டி என். கே. பத்மநாதனின் நாதஸ்வரத்தைக் கேட்டு அநுபவித்த ரஸிகர் ஒருவர், “பத்மநாதன்ரை வாசிப்பு எனக்குப் பிடிக்கும்” என்று சொல்லலாம். “பத்மநாதன் வாசிக்கிறது எனக்குப் பிடிக்கும்” என்றும் சொல்லலாம். முதலாவதிலே அவருடைய வாசிப்பின் தன்மை, பாணி, நயம் பேசப்படுகின்றது. இரண்டாவதிலே, அவர் வாசிக்கிறார் என்கின்ற நிகழ்ச்சியே பேசப்படுகின்றது. திருவிழாவுக்கு வேறொருவரை அழையாமல் அவரை அழைத்தார்களே என்ற மகிழ்ச்சியும் அதற்குள் அடங்கும். ‘வாசிப்பு’ என்பது முழுப்பெயராகிவிட்டது. ஆகையால் ஆறாம் வேற்றுமையை வேண்டுகின்றது. ‘இனிய வாசிப்பு’ எனப் பெயரடையை ஏற்கின்றது. ‘வாசிக்கிறது’ என்பதோ வினைத்தன்மையை இழக்கவில்லை. அது பத்மநாதன் என்ற எழுவாயை எழுவாயாகவே வைத்துக்கொள்கின்றது. ‘தோடியை வாசிக்கிறது’ எனச் செயப்படுபொருளையும் ‘இனிமையாக வாசிக்கிறது’ என வினையடையையும் கொள்கின்றது. ஆங்கிலத்தில் இரண்டுக்கும் ‘பிளேயிங்’ ஒன்றே. அதனாலேயே அச்சொல்லின் முன்னே ‘அவருடைய’ என்று வரவேண்டுமா, ‘அவரை’ என்று வரலாமா என்ற பெருவிவாதம் எழுந்தது. 1906இலே பௌலர் சகோதரர் தம் நூலில் இரண்டாவது வழக்கைக் கண்டித்து, இரண்டு உறுப்புக்கள் உருகி ஒட்டிய எச்சம் என்று அதற்குப் பெயருமிட்டனர். டென்மார்க்குப் பேரறிஞர் ஜெஸ்பர்சன் பழைய ஆசிரியர்களின் வசனங்களை எடுத்துக்காட்டி அதனை ஆதரித்தார். தமிழ் ரஸிகர் இரண்டையும் இரண்டு பொருளுக்காக நாள்தோறும் பயன்படுத்துகிறார் என்பதை அவ்விருதிறத்தாரும் அறிந்திருந்தால், விவாதம் வேறு வழியிலே சென்றிருக்கும் என்பது என் துணிபு.

பெயர் என்றும் வினை என்றும் இடையிலே ஒரு சுவரை எழுப்பாமல், படிப்படியாக ஏறும் வரிசையொன்றையே காணவேண்டும் என்ற கொள்கை ஆங்கில இலக்கணத்திலே பின்னர் வேரூன்றிற்று. குவேர்க், கிறீன்பாம், லீச், ஸ்வார்ட்விக் ஆகிய நால்வரும் 1985இல் வெளியிட்ட பேரிலக்கணத்திலே, ‘பெயின்ரிங்’ என்ற ஒரே சொல்லை 14 வாக்கியங்களில் அமைத்து, சுவரில் மாட்டிய படமாகிய சுத்தப் பெயரிலிருந்து, மகளைத் தீட்டிக்கொண்டிருக்கிறான் என்ற சுத்த வினைவரையில் அது சிறிது சிறிதாக நிறம் மாறுவதைக் காட்டினார்கள். தமிழிலே பாட்டு, பாடல், பாடுதல், பாடுவது, பாடும், பாடி, பாடுகிறான் என்று அடுக்கிப் பாருங்கள். அவ்வரிசையின் ஒவ்வொரு படியும் தனித்தனி ஈற்றோடு கண்முன்னே நிற்கின்றது. 2002இல் வெளிவந்த கேம்பிரிட்ஜ் இலக்கணத்தின் ஆசிரியர்கள் ஹட்டில்ஸ்டனும் புல்லமும், வினைத்தன்மை நீங்காத ‘இங்’ சொற்களிடையே ஜெரண்ட், பாற்றிசிப்பிள் என்ற பிரிவுக்கு ஆதாரமில்லை என்று முடிவுசெய்து, இரண்டையும் இணைத்து ஒரே வடிவமாக வைத்தார்கள். வடிவத்தை நோக்க அது சரியே. அவ்வடிவம் வாக்கியத்திலே எந்த வேலையைச் செய்கின்றது என்ற கேள்வி அப்போதும் எஞ்சி நிற்கின்றது. அதற்கு விடை சொல்லவே நமது எச்ச முறை உதவும்.

பெயரெச்சத்தின் விஷயத்திலே தொல்காப்பியர் செய்த வகுப்பு என்னை எப்போதும் வியப்பிலே ஆழ்த்துவது. பெயரெச்சம் கொள்ளும் பெயர் நிலம், பொருள், காலம், கருவி, வினைமுதல், வினை என ஆறு திறப்படும் என்றார் அவர். அளவெட்டித் தோட்டத்திலேயே வைத்துச் சொல்வதானால் இறைக்கிற தோட்டம், இறைக்கிற தண்ணீர், இறைக்கிற நேரம், இறைக்கிற மெசின், இறைக்கிற பெடியன், இறைக்கிற இறைப்பு என ஆறும் அமையும். ஆங்கிலத்திலே பெயரின் முன் நிற்கும் ‘இங்’ சொற்களை இவ்வாறனுள் முதல் ஐந்திலே வைத்து நோக்குக. ‘டைனிங் றூம்’ நிலம். ‘ட்றிங்கிங் வோற்றர்’ பொருள். ‘குளோசிங் ரைம்’ காலம். ‘வோக்கிங் ஸ்ரிக்’ கருவி. ‘சிங்கிங் பேர்ட்’ வினைமுதல். ஆங்கில ஆசிரியர்களின் கணக்கிலே இவற்றுள் இறுதியானது மாத்திரம் எச்சம். முன்னைய நான்கும் தொழிற்பெயரோடு பெயர் புணர்ந்த தொகைகள். கைத்தடி நடப்பதில்லை, அறை உண்பதில்லை என்று அவர்கள் மாணாக்கருக்கு விளக்குவார்கள். தமிழ் மாணாக்கனுக்கு இவ்விளக்கம் வேண்டப்படுவதில்லை. உண்ணும் இல்லம் என்ற பழைய உதாரணத்தைக் கற்றவன், இல்லம் உண்ணாது என்பதை அப்போதே அறிந்திருப்பான்.

ஆயினும் தமிழிலில்லாத ஒரு கருவி ஆங்கிலத்திலே இவ்விரண்டையும் பிரிப்பதற்கு உண்டு. அது குரலின் அழுத்தம். தொகையாயின் முதற்சொல்லிலே அழுத்தம் விழும். எச்சமாயின் பின்வரும் பெயரிலே விழும். ‘டான்சிங் ரீச்சர்’ என்ற தொடரை முதற்சொல்லை அழுத்திச் சொன்னால் நடனம் கற்பிக்கும் ஆசிரியை என்று பொருள். இரண்டாவதை அழுத்திச் சொன்னால் ஆடுகின்ற ஆசிரியை என்று பொருள். நாம் ஆங்கிலம் பேசும்போது எல்லாச் சொற்களையும் ஏறக்குறைய சம அழுத்தத்தோடு உச்சரிப்பதால், இவ்வேறுபாடு நம் வாயிலே மறைந்துவிடுகின்றது. இலக்கணப் புத்தகத்தை எத்தனை முறை படித்தாலும் இது வராது. காதால் கேட்டுப் பழகவேண்டியது.

‘இங்’ சொல்லிலே காலம் இல்லை என்பதும் மாணாக்கர் பலர் உணராத ஒன்று. நேற்றுப் பாடிய பறவைக்கும் நாளை பாடப்போகும் பறவைக்கும் ‘சிங்கிங்’ ஒன்றேயாம். தமிழ்ப் பெயரெச்சமோ பாடிய, பாடுகின்ற, பாடும் எனக் காலத்தைக் காட்டாமல் வாராது. ஆனால் காலத்தை விழுங்கிக்கொண்டு நிற்கும் ஒன்றும் நம்மிடம் உண்டு, அதுவே வினைத்தொகை. ஊறுகாய் என்ற சொல்லிலே முன்னே ஊறியதும், இப்போது ஊறுவதும், இனி ஊறப்போவதும் ஒருங்கே அடங்கியிருக்கின்றன. ஆதலால் ‘ட்றிங்கிங் வோற்றர்’ என்பதற்குக் குடிக்கும் தண்ணீர் என்பதினும் குடிதண்ணீர் என்பதே நேரானது.

இவ்வாறு காலமும் வேற்றுமையும் தொக்கு நிற்கும் இடங்களிலே பொருள் மயக்கம் நேர்வது இயற்கை. ‘புலி கொல் யானை’ என்பதனைச் சேனாவரையர் எடுத்துக்காட்டுகிறார். புலியைக் கொன்ற யானையா, புலியாற் கொல்லப்பட்ட யானையா? இரண்டும் பொருந்தும். இத்தகையதைத் தடுமாறு தொழிற்பெயர் என்று தொல்காப்பியர் குறித்தார். அமெரிக்க அறிஞர் நோம் சொம்ஸ்கி 1957இல் வெளியிட்ட சிறு நூலொன்றிலே, வேடரின் ‘ஷூட்டிங்’ என்ற தொடர் வேடர் சுடுவதையும் குறிக்கும், வேடரைச் சுடுவதையும் குறிக்கும் என்று காட்டி, ஒரே தோற்றத்தின் அடியிலே இரு வேறு வாக்கிய அமைப்புக்கள் மறைந்து கிடக்கின்றன என்ற தம் சித்தாந்தத்துக்கு அதனைத் துணையாகக் கொண்டார். மொழியியலின் சரித்திரத்திலே பெரிதாகப் போற்றப்படும் அவ்விஷயம், சுன்னாகத்தில் அச்சான நமது சொல்லதிகாரத்தின் வேற்றுமை மயங்கியலிலே அமைதியாக இருக்கின்றது. அதுமட்டுமன்று, மயக்கத்தைத் தீர்க்கும் வழியையும் ஆசிரியர் அடுத்தபடியாகவே கூறிவிடுகிறார்: இறுதிப் பெயருக்குப் பின் வரும் சொற்களால் உண்மைப் பொருளை உணர்வோர் உணர்வர் என்பது அது. யானை ஓடுகிறது என்று தொடர்ந்தால் இறந்தது புலியே. ஆங்கிலத்திலும் ‘விசிட்டிங் றிலேற்றிவ்ஸ்’ என்ற தொடர் உறவினரைப் பார்க்கப் போவதையும், பார்க்க வந்திருக்கும் உறவினரையும் குறிக்கும். அதன் பின்னே ஒருமைக்குரிய ‘இஸ்’ வந்தால் போதலாகிய தொழில், பன்மைக்குரிய ‘ஆர்’ வந்தால் வந்த உறவினர். பின்வரும் சொல்லே தீர்ப்பளிக்கின்றது.

இனி வினையெச்சத்துக்கு வருவோம். ஆங்கிலம் எழுதும் நம்மவர்கள் மாத்திரமல்லர், ஆங்கிலேயர்களே அடிக்கடி இழைக்கும் பிழையொன்று உண்டு. கோயிலுக்கு ‘வோக்கிங்’ என்று வாக்கியத்தைத் தொடங்கி, மழை பிடித்தது என்று முடித்துவிடுவார்கள். அப்படியானால் கோயிலுக்கு நடந்தது மழையென்று ஆகிவிடும். தொங்கும் எச்சம் என்று பெயரிட்டு ஆசிரியர்கள் இதனைக் கண்டிப்பார்கள். தமிழிலே ‘கோயிலுக்கு நடந்து மழை பிடித்தது’ என்று ஒரு சிறு குழந்தையும் சொல்லாது. செய்து என்னும் வாய்பாட்டு எச்சத்தின் வினைமுதலும், அது கொண்டு முடியும் வினையின் வினைமுதலும் ஒன்றாயிருத்தல் வேண்டும் என்பது தொல்காப்பிய விதி. வினைமுதல் வேறுபட்டால் அளவெட்டிக் குழந்தை, “நடந்து வரேக்கை மழை பிடிச்சிட்டுது” என்று வேறு வாய்பாட்டுக்கு மாறிக்கொள்ளும். ஆங்கிலத்து ‘இங்’ இவ்விரண்டு வாய்பாட்டின் வேலையையும் தான் ஒன்றே செய்ய முற்படுவதாலேதான் இப்பிழை நேர்கின்றது. ஆகையால் மாணாக்கன் தன் ஆங்கில வாக்கியத்தைத் தமிழாக்கிப் பார்த்து, ‘செய்து’ என்று வந்தால் ‘இங்’ என்பதை அஞ்சாமல் இடலாம். ‘செய்யேக்கை’ என்று வந்தால் ‘வைல்’ முதலிய சொல்லும் எழுவாயும் சேர்த்து விரித்து எழுதவேண்டும். இதனினும் எளிதான ஒரு சோதனையை எந்த ஆங்கில இலக்கண நூலிலும் நான் காணவில்லை.

ஒரு விதிவிலக்கையும் ஆசிரியர் விடாமல் சொன்னார். ‘கை இற்று வீழ்ந்தான்’ என்பதிலே இற்றது கை, வீழ்ந்தவன் மனிதன். வினைமுதல் வேறாயினும், கை அவனது உறுப்பாதலால் வழுவில்லை. ஆங்கிலத்தில் எச்சத்துக்குத் தனி எழுவாய் வெளிப்படையாகக் கொடுத்து அமைக்கும் தனிநிலைத் தொடர்களை ஆராய்ந்தால், அவற்றுள் மிகப் பல கண், கை, குரல் முதலிய உறுப்புக்களையே எழுவாயாகக் கொண்டிருக்கக் காணலாம். கண்ணீர் வழிய நின்றாள், கைகள் நடுங்க எழுதினான் என்று நாம் ‘செய’ என்னும் எச்சத்தால் சொல்லும் இடங்கள் அவை.

அந்தச் ‘செய’ என்னும் எச்சத்தைப் பற்றி இன்னொரு சொல். நான் பத்மநாதன் வாசிக்கக் கேட்டேன் என்று சொல்லும் இடத்திலே, கேட்டவன் ஒருவன், வாசித்தவர் ஒருவர். ஆயினும் இரண்டு நிகழ்ச்சிகளும் ஒரே கணத்திலே கலந்துவிட்டன. ஆங்கிலம் இவ்விடத்தும் ‘பிளேயிங்’ என்றே சொல்லும். வாசித்து முடித்ததைக் கேட்டால் அங்கே ‘இங்’ நீங்கி வெறும் வினையடி நிற்கும். நாதஸ்வரத்தின் ஆலாபனை நடந்துகொண்டிருக்கையில் வீதியிலே நின்று சிறிது நேரம் கேட்டவனுக்கும், மல்லாரி தொடக்கம் மங்களம் வரையில் இருந்து கேட்டவனுக்கும் உள்ள வித்தியாசத்தை அந்த ஒரு விகுதியின் வருகையும் நீக்கமும் காட்டிவிடுகின்றன. இந்நுட்பம் ஆங்கிலத்துக்குரிய சிறப்பு. தமிழிலே அதனைச் சொல்ல வேறு சொற்கள் வேண்டும்.

வினையாய்ப் பிறந்து வினைத்தன்மை முற்றும் அழிந்து, வேற்றுமையுருபின் தொழிலை மேற்கொண்ட ‘இங்’ சொற்களும் உள. ‘கன்சேர்னிங்’, ‘றிகார்டிங்’, ‘ட்யூறிங்’ முதலியவற்றை அகராதிகள் இடைச்சொல் வரிசையிலே சேர்க்கின்றன. இவற்றுக்குத் தமிழில் நாம் வழங்கும் குறித்து, பற்றி, நோக்கி ஆகியவையும் வினையெச்சங்களாகப் பிறந்து சொல்லுருபுகளானவையே. ஒன்றையொன்று கண்டறியாத இரு பாஷைகள் ஒரே பாதையிலே நடந்திருக்கின்றன. ஒரு பொருளைக் கையாற் பற்றுதல், கண்ணால் நோக்குதல், மனத்தாற் குறித்தல் ஆகிய உடலும் உள்ளமும் சார்ந்த வினைகளே காலப்போக்கில் தேய்ந்து உறவைக் காட்டும் சிறு சொற்களாவது உலகத்துப் பாஷைகள் பலவற்றிலும் காணப்படும் செய்தி.

கடைசியாக, ஆங்கிலத்திலிருந்து நம் பேச்சிலே புகுந்துவிட்ட ‘இங்’ சொற்களின் கதியை நோக்குவோம். மீற்றிங், வெல்டிங், வயரிங், பில்டிங், றெயினிங் என்பவற்றை அறியாதார் இன்று அளவெட்டியிலே இல்லை. “கேற்றிலை வெல்டிங் விட்டுப்போச்சு” என்கிறார் ஒருவர். அங்கே அது ஒட்டிய இடமாகிய பொருளைக் குறிப்பதால் தொழிலாகுபெயர். “பெடியன் வெல்டிங் பழகிறான்” என்கிறார் மற்றொருவர். அங்கே அது தொழிற்பெயர். ஆங்கிலத்தில் எத்தனையோ வேலை பார்த்த விகுதி, நம் ஊரெல்லையைத் தாண்டியதும் பெயராக மாத்திரமே அநுமதிக்கப்பட்டது. அவன் அதைச் செய்துகொண்டிருக்கிறான் என்று சொல்லவேண்டுமானால், “வெல்டிங் செய்துகொண்டு நிக்கிறான்” என்று தமிழ் வினையொன்றைத் துணைக்கு அழைக்கவேண்டும். செய்யும் கடையென்றால் ‘வெல்டிங் செய்யிற கடை’ என்று பெயரெச்சம் கொடுக்கவேண்டும். மீற்றிங்குக்குப் போகிறார்கள், மீற்றிங்காலை வருகிறார்கள். நான்காம் உருபும் இடத்தைவிட்டு நீங்குவதைக் காட்டும் யாழ்ப்பாணத்து ‘ஆலை’ உருபும் பழைய தமிழ்ப் பெயரில் ஏறுவது போலவே அதில் ஏறுகின்றன. பஸ் நிற்பதற்கு முன் குதிக்க எத்தனிக்கும் மாணாக்கனைப் பார்த்துக் கண்டக்டர், “தம்பி, றன்னிங்கிலை இறங்காதை” என்று சத்தமிடும்போது, ஆங்கிலேயன் எச்சமாக வழங்கும் அச்சொல்லின்மேல் ‘இலை’ என்னும் ஏழாம் வேற்றுமையுருபு சிறிதும் தடையின்றி அமர்ந்திருக்கின்றது.